இலையுதிர்காலத்தில் மலைக்காட்டில் ட்ரெய்லர் முகாம்: முதல்முறை போகிறவர்களுக்கு

கோடையில் ட்ரெய்லர் (காரின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும், உள்ளே படுத்துத் தூங்கும் வண்டி) இழுத்துப் பழகியவர்களும் இலையுதிர்காலத்தில் மலைக்குப் போனால் முதல் ராத்திரியில்தான் திணறுவார்கள். 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி இறங்கும். அடிவாரத்தில் 12 டிகிரி என்றால் அதற்கு 2000 மீட்டர் மேலே தண்ணீர் உறையும் குளிர். மரங்களுக்கும் மலைச்சரிவுக்கும் நடுவே இருட்டும் சீக்கிரம் வந்துவிடும். அதனால் சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே இடத்துக்குப் போய்ச் சேருங்கள். கீழே உள்ள வேலைகள் எல்லாமே வெளிச்சத்தில் எளிது, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு செய்தால் தலைவலி.

1. எடை

ட்ராவல் ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் பின்னாலுள்ள கொக்கியின் மேல் உட்கார வேண்டும். சாமான்களோடு 1500 கிலோ என்றால் 150 முதல் 225 கிலோ. ஐரோப்பிய வகை காரவன்களுக்கு இது குறைவு. வண்டியின் தகட்டில் போட்டிருக்கும் அளவைத் தாண்டக் கூடாது. நண்பர்களோடு போகும்போது கணக்கு கெடுவது இங்கேதான்: ஆளுக்கொரு பையைக் கொண்டுவந்து பின்பக்கம் திணிப்பார்கள், போதாததற்கு இரண்டு சைக்கிளைப் பின்னால் மாட்டுவார்கள். பின்பாரம் கூடினால் வேகமெடுத்ததும் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். கனமான சாமான்கள் அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு தரையாக இருக்கட்டும். மீறி ஆடினால் கால் பிரேக்கை அழுத்தாதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ட்ரெய்லர் பிரேக்குக்குத் தனி லீவர் இருந்தால் அதை மட்டும் மெதுவாக இழுங்கள்.

2. மாட்டுவது

கொக்கி உருண்டையின் அளவும், அதைக் கவ்வும் ட்ரெய்லர் முனையான கப்ளரின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பூட்டியபின் ட்ரெய்லரின் முன் ஜாக்கியைச் சற்று உயர்த்திப் பாருங்கள். காரின் பின்பக்கமும் கூடவே எழும்பினால் சரியாகப் பூட்டியிருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலிகளைக் கொக்கிக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள். கொக்கி கழன்றாலும் ட்ரெய்லரின் மூக்கு சாலையில் குத்தாமல் சங்கிலிகளின் மேல் விழும். ட்ரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானாகப் போடும் அவசர பிரேக் கம்பியைச் சங்கிலியோடு சேர்த்து மாட்டாமல் காரில் தனியாக மாட்டுங்கள்.

அவர் பார்த்திருப்பார் என்று இவரும், இவர் பார்த்திருப்பார் என்று அவரும் நினைத்தால் ஒன்று விட்டுப்போகும். ஒருவர் மாட்டட்டும், இன்னொருவர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்க்கட்டும். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் 80 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து மறுபடி முறுக்குங்கள்.

இறக்கத்தில் தொடங்கும்போதே சின்ன கியருக்கு வந்துவிடுங்கள். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஈர இலை கிடக்கும் வளைவில் இன்னும் நிதானம்.

3. இடமும் ரிவர்ஸும்

முதலில் மேலே பாருங்கள். பட்ட கிளை தொங்கும் மரத்தடி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். காய்ந்த இலைக்குவியல் மேல் காரை நிறுத்தாதீர்கள், சூடான சைலன்சர் பட்டால் பற்றிக்கொள்ளும்.

ரிவர்ஸ் எடுக்கக் கையை ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தில் வையுங்கள். கை எந்தப் பக்கம் நகர்கிறதோ, ட்ரெய்லரின் பின்பக்கம் அந்தப் பக்கம் போகும். வழி சொல்ல ஒரே ஆள் போதும். அவர் கண்ணாடியில் தெரியாமல் போன நொடியே வண்டியை நிறுத்துங்கள்.

4. மட்டம்

வரிசை முக்கியம். காரோடு மாட்டியிருக்கும்போதே ரசமட்டம் வைத்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்தைக் கட்டை மேல் ஏற்றி இடவலம் சரிசெய்யுங்கள். அடுத்து சக்கரங்களுக்கு இரு பக்கமும் முட்டுக்கட்டை. அதன் பிறகுதான் காரைக் கழற்ற வேண்டும். முன்பின் மட்டத்தை முன் ஜாக்கியால் பாருங்கள். நான்கு மூலைக் கால்களைக் கடைசியாக இறக்குங்கள். அவை ஆட்டத்தை நிறுத்தத்தான், வண்டியைத் தூக்க அல்ல. தூக்கினால் கால் வளையும், சட்டமும் முறுக்கிக்கொள்ளும்.

5. ராத்திரி

கேஸ் ஹீட்டர் கேஸில்தானே ஓடுகிறது என்று பேட்டரியை மறந்துவிடுவார்கள். அதன் விசிறிக்கு ஏறக்குறைய 8 ஆம்பியர் வேண்டும். பத்து மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினாலே 40 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், ஆக விளக்குக்கும் பம்புக்கும் மிச்சம் பத்துதான். ஆளுக்கொரு போனைச் செருகினால் விடியற்காலையில் விசிறி தளரும். விசிறி தள்ளும் காற்று போதாவிட்டால் ஹீட்டர் பாதுகாப்புக்காகத் தீ மூட்டாது. குளிர்காற்று மட்டும் ஊதும். உடனே சிலிண்டர் காலி என்று நினைத்து வெளியே ஓடாதீர்கள், முதலில் வோல்ட் மீட்டரைப் பாருங்கள்.

சிலிண்டர் புரொப்பேனாக இருக்கட்டும். பியூட்டேன் உறைநிலைக்கு அருகிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை தாங்கும்.

அடுத்தது ஈரம். நான்கு பேர் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் ஒரு லிட்டருக்குக் குறையாத நீராவி சேரும். அது ஜன்னலிலும் மெத்தையின் அடியிலும் நீராக இறங்கும். கூரைத் திறப்பைச் சற்றுத் திறந்து, எதிர்ப்பக்க ஜன்னலில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். கதகதப்பு கொஞ்சம் போகும், போகட்டும். அடுப்பை எரியவிட்டுக் குளிர்காய்வது கூடவே கூடாது: ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி வரும், அதைவிட மோசம் கார்பன் மோனாக்சைடு. கரியடுப்பை அணைந்துவிட்டது என்று நம்பி உள்ளே கொண்டுவருவதும் உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பட்டனை முதல் நாளே அழுத்திப் பாருங்கள்.

6. தண்ணீரும் தீயும்

தொட்டியை நிரப்பிக்கொண்டு, படுக்கும் முன் வெளிக்குழாயைக் கழற்றி வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் காலையில் அது வளையாத கம்பாகக் கிடக்கும். சிங்க்குக்கு அடியிலுள்ள அலமாரிக் கதவைத் திறந்து வைத்தால் உள்சூடு குழாய்களுக்கும் போகும்.

தீமூட்ட அனுமதி உண்டா என்று அன்றன்றைக்குக் கேளுங்கள். சுற்றிலும் 3 மீட்டருக்குச் சருகைப் பெருக்குங்கள். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை.

7. கிளம்பும்போது

ஸ்லைடு-அவுட் (நிறுத்தியபின் பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப்பகுதி) இருந்தால் அதன் கூரையைப் பெருக்கிவிட்டு உள்ளிழுங்கள். சருகும் குச்சியும் மாட்டினால் ரப்பர் கிழியும், பிறகு மழை உள்ளே வரும். வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் ஹீட்டரை ஆறவிட்டு, அழுத்தத்தை இறக்கி, அதையும் தொட்டியையும் வடித்துவிடுங்கள். குளிர்காலம் முழுக்க நிறுத்திவைப்பதானால் வெந்நீர் ஹீட்டருக்குள் எதுவும் போகாதபடி பைபாஸ் செய்து, உறையாமல் தடுக்க, குடிநீர்க் குழாய்களுக்கென்றே விற்கும் புரொப்பிலீன் கிளைக்கால் கலவையைப் பம்ப் வழியாக ஓட்டி, ஒவ்வொரு குழாயிலும் அதன் நிறம் வரும்வரை திறந்து வையுங்கள். காரின் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம். அதைக் குடிநீர்க் குழாய்க்குள் விடவே கூடாது.