தக்காளி இலை மஞ்சளாகிறதா? அடி இலையா, கொழுந்தா என்று பாருங்கள்

மாடியில் நாலு பை தக்காளி வைத்திருக்கும் யாரும் ஒரு நாள் இதைக் கேட்காமல் இருந்ததில்லை: "இலை மஞ்சளா ஆகுது, என்ன உரம் போடலாம்?" நான் உடனே உரத்தின் பெயரைச் சொல்வதில்லை. "மஞ்சளாவது அடி இலையா, கொழுந்தா?" என்று திருப்பிக் கேட்பேன். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் ஆகிய நான்கும் செடிக்குள் இடம் மாறக் கூடியவை. தட்டுப்பாடு வந்தால் முற்றிய இலையில் இருப்பதை உருவிக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும் செடி. அதனால் அடி இலை முதலில் வெளுக்கும். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) அப்படியில்லை. சேர்ந்த இடத்திலேயே தங்கிவிடும். அவை குறைந்தால் புதிதாக வரும் தளிரிலோ காயிலோதான் தெரியும்.

முதல் படி: உரப்பையைத் தொடுவதற்கு முன்

காலை வெயில் ஏறுவதற்குள் செடியைப் பாருங்கள். மதியத்தில் நல்ல செடியே துவண்டுதான் நிற்கும். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். வெள்ளை ஈ பறந்து, கொழுந்தும் சுருண்டு சிறுத்திருந்தால் அது இலைச்சுருள் நோயாக இருக்கலாம், உரத்தால் தீராது. வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளி இருந்தால் கருகல் நோய். காய் பிடித்த செடியில் மண்ணை ஒட்டிய ஒன்றிரண்டு இலை பழுப்பது இயல்பு, கிள்ளிப் போட்டுவிடலாம்.

அப்புறம் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். சொதசொதவென்று இருந்தால் பையின் அடித்துளை அடைத்திருக்கும். வேர் மூச்சுத் திணறும்போதும் இலை மஞ்சளாகும். துளையைக் குத்தி விட்டு, மண் காயும் வரை காத்திருங்கள்.

இரண்டாம் படி: அடி இலை வெளுத்தால்

நரம்பையும் சேர்த்து முழு இலையும் வெளிர் மஞ்சளாக, செடி குச்சியாக நின்றால் தழைச்சத்துக் குறைவு. தென்னை நார்க் கழிவு அதிகம் சேர்த்த கலவையில் இதை அடிக்கடி பார்க்கலாம். நார் மக்கும்போது நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். 100 கிராம் கடலைப் புண்ணாக்கை 1 லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, பைக்கு அரை லிட்டர் ஊற்றுங்கள். பத்து நாளைக்கு ஒரு முறை போதும். அவசரமென்றால் மீன் அமிலம் (மீனையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த கரைசல்) லிட்டருக்கு 5 மில்லி கலந்து மாலையில் தெளிக்கலாம். அளவு மீறினால் செடி தழைத்துக்கொண்டே போகும், பூ வராது.

நரம்பு பச்சையாக, இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளாக, மீன் முள்ளை வரைந்தது போல அடி இலை தெரிந்தால் மக்னீசியம் குறைவு. எப்சம் உப்பு ஒரு தேக்கரண்டி, ஏறக்குறைய 5 கிராம், 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து இலையின் இருபுறமும் படும்படி மாலையில் தெளியுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை.

அடி இலையின் ஓரம் மட்டும் தீய்ந்தது போலக் காய்ந்து, பழமும் திட்டுத்திட்டாகப் பழுத்தால் சாம்பல் சத்துக் குறைவு. பைக்கு ஒரு மேசைக்கரண்டி விறகுச் சாம்பலை மேல்மண்ணில் கிளறிவிடுங்கள், மாதம் ஒரு முறை. உப்புத்தண்ணீர் ஊற்றுபவர்கள் சாம்பலைத் தவிர்ப்பது நல்லது, மண்ணின் காரத்தன்மை இன்னும் ஏறும். நாற்றின் இலை அடியில் ஊதா நிறம் தெரிந்தால் மணிச்சத்துக் குறைவு. மார்கழிக் குளிரில் வேர் அதை எடுக்கத் தடுமாறும். வெயில் வந்தால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

மூன்றாம் படி: கொழுந்து வெளுத்தால்

அடி இலை பச்சையாக இருக்க, நுனித் தளிர் மட்டும் எலுமிச்சை மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்பு கிடைக்கவில்லை. மண்ணில் இரும்பு இருக்கும், காரத்தன்மை அதைப் பூட்டி வைத்திருக்கும். போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் பையின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருப்பதையும் சேர்த்தே பார்க்கலாம். உரக்கடையில் இ.டி.டி.ஏ. இரும்பு (செடி எளிதாக எடுத்துக்கொள்ளும் வடிவில் உள்ள இரும்பு) என்று கேட்டு வாங்கி, லிட்டருக்கு 1 கிராம் கலந்து தெளியுங்கள். மழைத்தண்ணீர் பிடித்து ஊற்ற முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

நான்காம் படி: காயின் அடி கறுத்தால்

புதிதாகத் தொடங்குபவர்களை அதிகம் மனம் நோக வைப்பது இதுதான். போன பங்குனியில் என் ஆறு பைகளிலும் முதல் கொத்துக் காய் எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தது. ஒரு காலையில் ஒரு காயின் பூ உதிர்ந்த முனையில் தண்ணீர் கோத்தது போல ஒரு புள்ளி. நாலு நாளில் அது ஒரு ரூபாய்க் காசளவு கறுத்து, குழிந்து, தோல் செருப்பு போலத் தடித்தது. சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று முட்டை ஓட்டுத் தூளை அள்ளிப் போட்டேன். மூன்று வாரம் கழித்து அடுத்த கொத்தும் கறுத்தது.

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இருந்த இரண்டு பைகளில் மட்டும் இரண்டாவது கொத்தில் ஒரு காய்கூடக் கெடவில்லை. அதே மண், அதே நாற்று, அதே முட்டை ஓடு. மதியம் விரலை விட்டுப் பார்த்தேன். அந்த இரண்டில் ஈரம் இருந்தது. மற்ற நான்கும் தூளாகக் காய்ந்திருந்தன.

சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடுதான் செடிக்குள் ஏறும். அந்தத் தண்ணீரில் பெரும்பங்கை ஆவியாக விடும் இலை இழுத்துக்கொள்ளும், காய்க்குக் கொஞ்சம்தான் போகும். மண் காய்ந்தால் அந்தக் கொஞ்சமும் நின்றுவிடும். ஒரே வேளையாக ஊற்றியதைக் காலை, மாலை என்று பிரித்தேன். இரண்டு அங்குலம் காய்ந்த சருகை மூடாக்காகப் போட்டு, மதிய வெயிலுக்கு நிழல் வலை கட்டினேன். அதற்குப் பிறகு பிடித்த கொத்து சுத்தமாக வந்தது.

கறுத்த காய் தேறாது, பறித்துவிடுங்கள். முட்டை ஓடு மட்க மாதக்கணக்கில் ஆகும், பை நிரப்பும்போதே கலந்துவிட வேண்டியது அது. தண்ணீரைச் சரிசெய்தும் நிற்காவிட்டால் கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 2 கிராம் கரைத்து வாரம் ஒரு முறை வேரில் ஊற்றலாம். இதற்குப் பலர் எப்சம் உப்பு போடச் சொல்வார்கள். தயவுசெய்து போடாதீர்கள். மக்னீசியம் கூடினால் சுண்ணாம்புச் சத்தை வேர் எடுப்பது இன்னும் குறையும்.

ஐந்தாம் படி: ஒரு நேரத்தில் ஒரு மருந்து

எதைக் கொடுத்தாலும் முதலில் ஒரு செடிக்கு மட்டும் கொடுங்கள். தண்டில் ஒரு நூல் கட்டி அடையாளம் வைத்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மஞ்சள் இலை பெரும்பாலும் முழுசாகப் பச்சையாகாது, அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. பத்து நாளில் வரும் புது இலையைப் பாருங்கள். அது நல்ல பச்சையாக வந்தால் மற்ற பைகளுக்கும் கொடுக்கலாம்.

உரம் போட்ட பிறகு இலை ஓரம் கருகி, மேல்மண்ணில் வெள்ளைப் பொருக்கு கட்டினால் அளவு கூடிவிட்டது. பொருக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடித்துளையில் வரும் தண்ணீர் தெளியும் வரை நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு அந்தப் பைக்கு எந்த உரமும் வேண்டாம்.