டிசைன் படிக்க வந்தவர்களுக்கு: முதல் பருவத்தில் கவனிக்க வேண்டியவை

வட அமெரிக்காவில் பெரிய அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் வடிவமைப்போ பயன்கலையோ படிக்க வந்திருக்கிறீர்கள் என்றால், முதலில் பழக வேண்டியது ஒன்றுதான்: அரைகுறையாக இருக்கும் வேலையை நாலு பேர் முன்னால் தயங்காமல் வைப்பது. பரீட்சைக்கு முந்தின இரவு விழுந்து விழுந்து படித்துத் தேறியவர்கள் நம்மில் அதிகம். ஸ்டுடியோ பாடத்தில் அந்த வழி செல்லாது. இறுதிப் படைப்போடு ஸ்கெட்ச்புக், கைவிட்ட யோசனைகள், உடைந்த மாதிரிகள் எல்லாவற்றையும் பார்த்துத்தான் பெரும்பாலும் மதிப்பெண் போடுகிறார்கள். எதையும் கிழித்துப் போடாதீர்கள், தேதி எழுதி வையுங்கள்.

ஸ்டுடியோ பாடத்தின் மையம் 'கிரிட்' (crit), அதாவது செய்த வேலையை எல்லோரும் சேர்ந்து விமர்சிக்கும் அமர்வு. வேலையைச் சுவரில் மாட்டுவீர்கள், ஆசிரியரும் வகுப்பும் பேசுவார்கள். "இந்த எழுத்து ஏன் இவ்வளவு பெரிது?" என்று கேட்டால் அது திட்டு இல்லை, காரணம் கேட்கிறார்கள். மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தால், யோசிக்காமல் செய்ததாக நினைத்துக்கொள்வார்கள். காரணத்தைச் சொல்லுங்கள், உடன்படவில்லை என்றால் அதையும் பணிவாகச் சொல்லலாம். அந்த நேரத்தில் பதற்றத்தில் பாதி காதில் விழாது. பக்கத்தில் இருப்பவரைக் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள், அவர் முறை வரும்போது நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

முதல் ஆண்டில் காகிதம் வெட்டுவதும் வண்ணம் கலப்பதும் சிறுபிள்ளை வேலை போலத் தோன்றலாம். 1919இல் ஜெர்மனியின் வைமரில் தொடங்கிய பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் யோஹானஸ் இட்டன் நடத்திய அடிப்படைப் பயிற்சியின் வழி வந்தது இது. கண்ணும் கையும் தேறுவது இங்கேதான்.

அப்புறம் பட்டறைகள். மரம், உலோகம், பீங்கான், ஸ்கிரீன் பிரிண்டிங், லேசர் கட்டர் என்று இத்தனை வசதி கையெட்டும் தூரத்தில் கிடைப்பது பெரிய பல்கலைக்கழகத்தில் படிப்பதன் பெரும் லாபம். ஆனால் பாதுகாப்புப் பயிற்சி முடிக்காமல் உள்ளே விடமாட்டார்கள். பருவக் கடைசியில் இயந்திரங்களுக்குக் கூட்டம் அலைமோதும் என்பதால், முதல் வாரங்களிலேயே பயிற்சிக்குப் பதிந்துவிடுங்கள். எந்தத் தகட்டையும் லேசரில் வைக்குமுன் டெக்னீஷியனிடம் கேளுங்கள். பிவிசி வெட்டினால் நச்சு வாயு வரும்.

அச்சுக்கு அனுப்பும்போது தாளின் அளவைப் பாருங்கள். வட அமெரிக்காவில் வழக்கமான லெட்டர் தாள் 216 × 279 மி.மீ., நமக்குப் பழகிய ஏ4 தாளோ 210 × 297.

தமிழ் எழுத்தை வைத்து வேலை செய்யுங்கள், தயவுசெய்து. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால், பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் (World-Ready Composer) என்பதைத் தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும். ஆசிரியருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். எழுத்துகள் எப்படிச் சேர்கின்றன, எது எழுத்தின் பகுதி, எது நீங்கள் சேர்த்த அலங்காரம் என்று ஒரு பக்கம் வரைந்து கிரிட்டுக்கு எடுத்துப் போங்கள்.