செட்டிநாட்டு கிளினிக்குகளுக்கான மின்னணு நோயாளர் பதிவு மென்பொருளை ஒப்பிடும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் போன்ற ஊர்களில் கிளினிக் நடத்தும் மருத்துவர், மென்பொருள்களின் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் அவற்றின் பெயர்த் தேடலைச் சோதிக்க வேண்டும். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் அண்ணாமலை, சிதம்பரம் போன்ற பெயர்கள் இங்கே திரும்பத் திரும்ப வருகின்றன; பெயரை மட்டும் கொண்டு தேடினால், ஒருவருடைய பென்சிலின் ஒவ்வாமை மற்றொருவர் பதிவில் ஏறிவிடக்கூடும். ஒரே பெயருடைய சில கற்பனை நோயாளர்களை உள்ளிட்டு, தந்தை பெயர், பிறந்த ஆண்டு, ஊர் ஆகியவற்றால் பிரித்தறிய முடிகிறதா, தவறுதலாக இரட்டித்த பதிவுகளை ஒன்றாக்க முடிகிறதா என்று பார்க்கலாம். கைபேசி எண்ணை நம்புவது போதாது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வீட்டிலுள்ள முதியவர்கள் இருவரும் ஒரே எண்ணைத் தருவதுண்டு. 2021இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் ஆபா எண்ணை, அதாவது ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரப்படும் 14 இலக்க உடல்நல அடையாள எண்ணை, இணைக்கும் வசதி இருந்தால் இக்குழப்பம் பெரிதும் குறையும்.

மருந்துச் சீட்டில் வேளையும் அளவும் தமிழில் அச்சாக வேண்டும். இணையம் துண்டிக்கப்பட்டாலும் பதிவு நிற்கக் கூடாது.

எல்லாப் பதிவுகளையும் பொதுவான வடிவத்தில் திரும்பப் பெற முடியுமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் பெற வேண்டும். நோயாளர் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் கூறுகின்றன. மென்பொருள் நிறுவனம் மூடப்பட்டது என்பது அதற்கு விடையாகாது.

விற்பனையாளரின் செயல்விளக்கம் எப்போதும் அழகாகவே இருக்கும் என்பதால், கூட்டம் மிகுந்த மாலை வேளையில் உங்கள் வரவேற்பாளரே சோதனைப் பதிப்பில் பதிந்து பார்க்கட்டும்.