ஆவண மேசை: குடியிருப்பின் அறிவு ஓர் ஆளோடு போய்விடாமல் இருக்க

கோலாலம்பூரின் பிபிஆர் எனப்படும் அரசு மலிவு வாடகை அடுக்குமாடிகளில் ஏறக்குறைய எல்லா புளோக்கிலும், "அவரைப் போய்ப் பாருங்க, அவருக்குத் தெரியும்" என்று சொல்லும்படி ஒருவர் இருப்பார். பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லையா, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பணம் வரவில்லையா, பாட்டியின் சிவப்பு ஐசியை, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டையை, மாற்ற வேண்டுமா, எல்லாம் அவரிடம்தான் போகும். அவர் வீடு மாறிப் போனாலோ நோயில் விழுந்தாலோ, பத்து இருபது வருடமாகச் சேர்ந்த அறிவும் அவரோடு போய்விடும். அடுத்த குடும்பம் முதல் படியிலிருந்து ஏற வேண்டும்.

ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம் 1990இல் முதல் மனித மேம்பாட்டு அறிக்கையை வெளியிட்டபோதே, ஆயுள், வருமானம் இரண்டோடு கல்வியையும் சேர்த்து அளந்தது. இன்று அந்தக் குறியீடு பள்ளியில் படித்த ஆண்டுகளை எண்ணுகிறது. மாதம் 124 வெள்ளி (ரிங்கிட்) வாடகை கட்டும் பிபிஆர் வீட்டில் இருப்பவருக்கு அவசரமாகத் தேவைப்படும் அறிவு வேறு வகை: எந்த அலுவலக முகப்பு, எந்தத் தாள், எந்தத் தேதிக்குள். நிலையான வளர்ச்சி இலக்குகளில் 16.9 என்ற உட்பிரிவு, 2030க்குள் பிறப்புப் பதிவு உட்பட எல்லோருக்கும் சட்டப்படியான அடையாளம் கிடைக்க வேண்டும் என்கிறது. அந்த இலக்குக்குக் குடியிருப்புக் கீழ்த்தளத்தில் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. குடியிருப்பில் உள்ளவர்களுக்குப் பத்திரம், படிவம், விண்ணப்பம் போன்றவற்றில் தொண்டர்கள் உதவ வாரம் ஒருமுறை போடும் ஆவண மேசைதான் அது. அதை எப்படித் தொடங்குவது, எங்கே சறுக்கும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

இடம், நேரம், ஆட்கள்

ஆலய மண்டபம் எளிதாகக் கிடைக்கும், மின்விசிறியும் நாற்காலியும் இருக்கும். ஆனாலும் அங்கே போடாதீர்கள். தமிழ் முஸ்லிம் குடும்பமும் கிறிஸ்துவக் குடும்பமும் தயங்கி நிற்கும். குடியிருப்பின் பொது மண்டபமோ கீழ்த்தளத் திறந்தவெளியோதான் எல்லோருக்கும் பொது. ஞாயிற்றுக்கிழமை மாலை 4 முதல் 7 வரை சரியாக வரும். பாதுகாவலர், துப்புரவுப் பணியாளர் பலருக்கு 12 மணி நேர ஷிஃப்ட். காலையில் போட்டால் இரவு வேலை முடித்தவர் தூக்கத்தில் இருப்பார். ஞாயிறு மாலை பேசி முடித்தால் திங்கள் காலையே இலாகாவுக்குப் போகவும் வசதி.

குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஒருவருக்கு மலாய்ப் படிவம் தடையில்லாமல் வாசிக்க வர வேண்டும். ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும், ஏனென்றால் திருமணம் பதிவாகவில்லை என்ற விஷயத்தை ஒரு தாய் ஆண்களுக்கு முன்னால் சொல்ல மாட்டார். மூன்றாமவர் எழுதுவதை மட்டும் செய்யட்டும். பேசுபவரே எழுதினால் இரண்டும் கெடும்.

இரண்டு நீள மேசை, எட்டு நாற்காலி, கெட்டி அட்டை போட்ட பதிவேடு ஒன்று, ஏ4 பிளாஸ்டிக் உறைகள், நகலெடுக்கும் வசதியுள்ள சிறிய பிரிண்டர் போதும். மேசைகளுக்கு இடையே நான்கைந்து அடி இடைவெளி விடுங்கள். பக்கத்து வீட்டார் காதில் விழும் தூரத்தில் யாரும் உண்மை பேச மாட்டார்கள்.

முதல் அரை மணி நேரம்

வந்தவர் கையில் படிவம் இருந்தாலும் உடனே நிரப்ப உட்காராதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் மூன்று தலைமுறைக் குடும்ப மரம் வரையுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே நான்கு விஷயம்: பிறந்த தேதியும் இடமும், ஐசியின் நிறம், திருமணம் எங்கே நடந்தது, அது பதிவாகியதா. வந்தவர் சொல்லும் பிரச்சினை பிள்ளையிடம் இருக்கும், காரணம் பெரும்பாலும் பெற்றோர் வரியிலோ பாட்டி வரியிலோ கிடைக்கும்.

பெயரை அவர் வாயால் சொல்வதை எழுதாதீர்கள். ஆவணத்தைப் பார்த்து எழுத்து எழுத்தாக எழுதுங்கள். தாயின் ஐசியில் லெட்சுமி, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் லெச்சுமி, தோட்டத்து மருத்துவமனைச் சீட்டில் லட்சுமி என்று இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் அது ஒரே ஆள். முகப்பில் இருப்பவருக்கு மூன்று ஆள். இந்த வேறுபாடு முதல் நாளே கண்ணில் பட்டால், சத்தியப் பிரமாணப் பத்திரம் தயார் செய்துகொண்டு போகலாம். படாவிட்டால் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரிசையில் நின்றவர் வெறுங்கையோடு திரும்புவார். அப்படி இரண்டு முறை திரும்பியவர் மூன்றாம் முறை போகவே மாட்டார். ஆவணமில்லாமல் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பல கதைகள் இங்கேதான் நின்றிருக்கும்.

மரம் வரைந்த பிறகு கவனிக்க வேண்டிய தேதிகள் சில உண்டு. இவற்றை மனப்பாடமாக வைத்திருங்கள்.

1982 மார்ச் 1: முஸ்லிம் அல்லாதவர்களின் திருமண, மணவிலக்குச் சட்டம், அதாவது சட்டம் 164, அன்று நடப்புக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த கோயில் கல்யாணம் பதிவானதாகவே கருதப்படும். அன்று முதல் நடந்தவற்றில் தாலி கட்டியது மட்டும் போதாது, பதிவு வேண்டும். சில ஆலயங்களில் துணைப் பதிவாளர் இருப்பார், பல இடங்களில் இருக்க மாட்டார். "கோயில்ல ரசீது கொடுத்தாங்க" என்று தம்பதியர் காட்டுவது மண்டப வாடகை ரசீதாக இருக்கலாம், பிரித்துப் பாருங்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பதிவுத் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையின் குடியுரிமையைச் சட்டம் தாயை வைத்தே பார்க்கிறது. தகப்பன் மலேசியர், தாய் வெளிநாட்டவர், கல்யாணம் கோயிலில் மட்டும் என்றால், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் "குடிமகன் அல்ல" என்று பத்திரம் வரும். பெற்றோர் பின்னால் பதிவு செய்வது நல்லதுதான், ஆனால் அதனால் குடியுரிமை தானாக வந்துவிடும் என்று மேசையில் யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. இத்தகைய வழக்கு (மேசைக்கு வரும் ஒவ்வொருவரின் பிரச்சினையையும் இங்கே வழக்கு என்கிறோம்) வந்தால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கோ, குடியுரிமை இல்லாதவர்களுக்காக வேலை செய்யும் டி.எச்.ஆர்.ஆர்.ஏ. மலேசியாவுக்கோ கை மாற்றுங்கள். எங்கே நம் அறிவு முடிகிறது என்று தெரிந்திருப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதி.

60 நாள்: தீபகற்பத்தில் பிறந்த குழந்தையை இதற்குள் தேசியப் பதிவு இலாகாவில் பதிய வேண்டும். தாண்டினாலும் பதியலாம், ஆனால் அது தாமதப் பதிவாகிவிடும். கேட்கப்படும் சான்றுகள் கூடும், காத்திருப்பும் நீளும். கர்ப்பிணிப் பெண் மேசைக்கு வேறு எதற்காவது வந்தாலும் இதை அப்போதே சொல்லிவிடுங்கள்.

1962 அக்டோபர்: மெர்டேக்கா (சுதந்திர) நாளான 1957 ஆகஸ்ட் 31 முதல் இந்த மாதத்துக்கு முன் வரை மலாயாவில் பிறந்தவர் சட்டப்படி குடிமகன், பெற்றோர் யார் என்ற கேள்வியே எழாது. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரின் நிலை பார்க்கப்படும். சிவப்பு ஐசியோடு வரும் பாட்டியின் பிறந்த தேதி இந்த இடைவெளியில் விழுந்தால், கேட்க வேண்டியது கருணை அல்ல, உரிமை. பிறந்ததற்கு ஆதாரம் தேடும் வேலைதான் மிச்சம்: தோட்டத்துப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் புத்தகம், உடன்பிறந்தவர்களின் பத்திரங்கள்.

ஆவணம் இல்லாத பிள்ளையை அதுவரை வீட்டிலேயே வைத்திருக்க வேண்டியதில்லை. பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் பள்ளியில் சேர்க்க விண்ணப்பிக்க வழி இருக்கிறது. தலைமையாசிரியரிடம் வாய்மொழியாகக் கேட்டு "முடியாது" என்ற பதிலோடு திரும்பாமல், மாவட்டக் கல்வி இலாகாவில் எழுத்தில் கொடுங்கள்.

வேலை சம்பந்தமானவை சுருக்கமாக. வேலை விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும், வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும் இதில் சேரும். நோயால் இனி வேலை செய்ய முடியாதவர் மனம் தளர்ந்து வீட்டில் உட்கார்வதற்கு முன் சந்தாவை எண்ணிப் பாருங்கள்: முந்தைய 40 மாதத்தில் 24 மாதம் கட்டியிருந்தால் முடக்க ஓய்வூதியத்துக்கு வழி உண்டு. சேமநிதியில் வாரிசுப் பெயர் இருக்கிறதா என்று எல்லோரையும் கேளுங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டுவிட்டு அப்படியே விட்டவர்கள் ஏராளம்.

தாள்களைக் கையாளுதல்

மூலப் பத்திரம் எதையும் மேசையில் வாங்கி வைக்காதீர்கள், ஓர் இரவுக்குக்கூட வேண்டாம். பார்த்து, நகலெடுத்து, அவர் கண் முன்னே உறையில் போட்டுக் கையில் கொடுங்கள். பழைய பத்திரத்தை லேமினேட் செய்ய நினைப்பவரைத் தடுங்கள். அதிகாரிக்குத் தாளைச் சோதிக்க முடியாமல் போகும், உள்ளே ஈரம் புகுந்தால் பிரிக்கவும் முடியாது. முகப்பில் தரும் ரசீது பெரும்பாலும் வெப்பத் தாளில் அச்சாகும். நம் ஊர்ச் சூட்டில் பர்ஸில் கிடந்தால் சில மாதத்தில் எழுத்து மறைந்து வெறும் வெள்ளைத் தாள் மிஞ்சும். விண்ணப்ப எண் அதில்தான் இருக்கிறது. கிடைத்த அன்றே நகலெடுத்து, எண்ணைப் பதிவேட்டிலும் எழுதுங்கள்.

ஐசி நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் "உந்தோக் கெகுனாஆன் ஜேபிஎன் சஹாஜா" என்று எழுதித் தேதி போடச் சொல்லுங்கள். பதிவு இலாகாவின் பயனுக்கு மட்டும் என்று எழுதிய நகலை ஆலோங் (கந்துவட்டிக்காரர்) கையிலோ போலி ஏஜென்ட் கையிலோ எளிதில் பயன்படுத்த முடியாது. ஐசி படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவதை அடியோடு நிறுத்துங்கள். பணம் கொடுத்தால் குடிமகனுக்குரிய நீல ஐசி வாங்கித் தருவதாகச் சொல்பவர் யாராக இருந்தாலும், மேசையின் பெயரைச் சொல்லிக்கொள்ள விடாதீர்கள்.

பதிவேடும் அட்டையும்

பதிவேட்டில் எட்டுப் பத்தி: தேதி, வழக்கு எண், கேட்டது, கையில் இருக்கும் ஆவணம், இல்லாதது, அடுத்து போக வேண்டிய நாள், உடன் போகிறவர், முடிவு. முழுப்பெயரும் ஐசி எண்ணும் வேறு சிறிய புத்தகத்தில், பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். எட்டுக்குப் பிறகு ஒன்பதாவதாக அகலமான பத்தி ஒன்று விடுங்கள்: இந்த முறை புதிதாகத் தெரிந்தது என்ன? "மருத்துவமனை மூடிவிட்டது, பழைய பதிவு இப்போது மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் என்று முகப்பில் சொன்னார்கள்" என்பது போன்ற ஒரு வரி. மேசையின் உண்மையான சொத்து இந்தப் பத்திதான். இதை நிரப்பாமல் விட்டால் மறுபடியும் ஒருவர் தலையில் மட்டும் அறிவு சேரத் தொடங்கிவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்பதாம் பத்தியை வாசித்து, திரும்பத் திரும்ப வருவதை அட்டையாக்குங்கள். ஏ5 அளவு, ஒரு விஷயத்துக்கு ஒரு அட்டை, எட்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒரு பக்கம் தமிழ். மறுபக்கம் அதே விஷயம் மலாயில், முகப்பில் நீட்டிக் காட்டும்படி. கீழே சரிபார்த்த தேதியும் சரிபார்த்த இருவரின் பெயரும். ஆறு மாதம் தாண்டிய அட்டையை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். குடியுரிமை பற்றிய அரசமைப்புத் திருத்தம் 2024இல்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. போன வருட அட்டையைப் பார்த்து இந்த வருடம் ஆலோசனை சொன்னால், அதற்கான விலையைக் கொடுப்பது வந்தவரின் பிள்ளை.

உடன் போவதும் விலகி நிற்பதும்

முதல் முறை தொண்டர் பேசட்டும், வந்தவர் பக்கத்தில் நின்று கேட்கட்டும். இரண்டாம் முறை வந்தவர் பேசட்டும். "செலாமாட் பாகி, புவான்" என்று தொடங்கி விண்ணப்ப எண்ணைச் சொல்வது வரை ஞாயிறன்றே மேசையில் பழகிப் பார்க்கலாம். மூன்றாம் முறை அவர் தனியே போகட்டும். வேலை முடிந்தவரை ஒரு ஞாயிறு மேசைக்குக் கூப்பிட்டு, அதே பிரச்சினையோடு வந்தவர் அருகில் உட்கார வையுங்கள். "எனக்கும் இப்படித்தான்க்கா இருந்துச்சு, முதல்ல ஆஸ்பத்திரி கடிதம் வாங்குங்க" என்று நான்காம் மாடி அக்கா ஆறாம் மாடி அக்காவிடம் சொல்வதில் இருக்கும் நம்பிக்கை, படித்த தொண்டர் சொல்வதில் வராது.

இந்த வரிசையை அவசரத்தில் தாண்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. படிவத்தைத் தொண்டரே நிரப்பிவிட்டால் பத்து நிமிடத்தில் முடியும், வரிசையும் குறையும். ஆறு மாதம் கழித்து இலாகாவிலிருந்து கடிதம் வரும்போது, அதில் என்ன எழுதியிருக்கிறது, தான் என்ன விண்ணப்பித்தோம் என்றே அவருக்குத் தெரியாது. கடிதம் என்றதும் இன்னொன்று: அடுக்குமாடிக் கடிதப் பெட்டிகள் பல உடைந்து கிடக்கும். விண்ணப்பத்தில் எழுதிய முகவரி சரிதானா, பெட்டி பூட்டுகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். பதில் கொடுக்காததால் கிடப்பில் போன வழக்கு, நிராகரிக்கப்பட்டதைப் போலவே வீட்டாருக்கு வலிக்கும்.

கட்சிக் கொடியோ வேட்பாளர் பதாகையோ மேசைக்குப் பின்னால் தொங்க விடாதீர்கள். தேர்தல் முடிந்ததும் மேசையும் காணாமல் போகும் என்று மக்களுக்குத் தெரியும். பல்கலைக்கழக மாணவர்கள் உதவிக்கு வந்தால் மகிழ்ச்சியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், எழுதும் வேலை கொடுங்கள். வழக்கின் பொறுப்பை மட்டும் குடியிருப்பில் வசிப்பவரிடமே வையுங்கள். செமஸ்டர் தொடங்கினால் மாணவர் போய்விடுவார், வழக்கு இரண்டு வருடம் ஓடும்.

மாதக் கடைசியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிப் பெருமைப்படுவது எளிது. அதைவிட இரண்டு எண்ணிக்கை பயன்படும்: உதவி பெற்றவர்களில் எத்தனை பேர் இன்னொருவருக்கு வழி காட்டினார்கள், அதே கேள்வியோடு எத்தனை பேர் திரும்பி வந்தார்கள். இரண்டாவது எண் கூடினால் அட்டை புரியவில்லை என்று பொருள், எழுதியவரைத் தவிர வேறொருவரை எழுதச் சொல்லுங்கள்.

தொண்டர் ஒருவர் விலகுவதாகச் சொன்னால் நான்கு ஞாயிறு அவகாசம் கேளுங்கள். முதல் ஞாயிறு அவருடைய திறந்த வழக்குகளைப் பதிவேட்டிலிருந்து சத்தமாக வாசிக்கட்டும். அடுத்த இரண்டில் புதியவர் பேச, பழையவர் பக்கத்தில் உட்காரட்டும். நான்காவதில் வழக்குக்காரர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் புதியவரை நேரில் அறிமுகம் செய்து, பெட்டிச் சாவியைக் கொடுத்துப் பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போடட்டும்.