மாதவிடாய்க் கணக்கு: வயதுக்கு வந்த முதல் இரண்டு ஆண்டுகளில் எதை எழுதுவது, எதற்கு மருத்துவரிடம் போவது

பெண் வயதுக்கு வந்ததும் மஞ்சள் நீராட்டு, உளுந்தங்களி, நாட்டுக்கோழி முட்டை, நல்லெண்ணெய் எல்லாம் முறைப்படி நடந்துவிடும். அடுத்த மாதம் வர வேண்டியது வராமல் போகும்போதுதான் வீட்டில் கலக்கம் தொடங்குகிறது. அதில் பெரும்பகுதி தேவையில்லாத கலக்கம். தேவையானது எது என்று பிரித்துப் பார்க்க ஒரு மாதக் காலண்டரும் பேனாவும் போதும்.

உதிரம் நன்றாகப் பட ஆரம்பித்த நாள்தான் முதல் நாள். முந்தைய நாள் லேசாகத் தெரிந்த பழுப்புக் கறையைச் சேர்க்க வேண்டாம். அந்தத் தேதியை வட்டமிடுங்கள்; நின்ற நாளில் ஒரு கோடு போடுங்கள். சுழற்சியின் நீளம் என்பது ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டம் வரை. பலர் நின்ற நாளிலிருந்து எண்ணுகிறார்கள், அதனால் கணக்கு குறைந்துவிடுகிறது. ஜூன் 5-இல் தொடங்கி 10-இல் நின்று, மறுபடி ஜூலை 12-இல் வந்தால் சுழற்சி 37 நாள், 32 அல்ல. வட்டத்துக்குள் அன்று மாற்றிய நாப்கின்களின் எண்ணிக்கையையும், வலிக்கு 0 (வலியே இல்லை) முதல் 3 (கடும் வலி) வரை ஓர் எண்ணையும் எழுதினால் போதும். இதை மகளே எழுதட்டும். காலண்டர் கூடத்துச் சுவரில் தொங்க வேண்டியதில்லை.

முதல் ஆண்டுகளில் 21 முதல் 45 நாள் வரை எப்படி வந்தாலும் இயல்பே. மூன்றாம் ஆண்டுக்குள் பெரும்பாலோருக்கு 21 முதல் 34 நாளுக்குள் வந்துவிடும். தொடக்கத்தில் ஒழுங்கில்லாமல் வருவதற்குக் காரணம் கருப்பையில் இல்லை, மூளையில் இருக்கிறது. பிட்யூட்டரி சுரப்பியும் சினைப்பையும் ஒன்றோடொன்று ஒத்துப்போக நாளாகும். அதுவரை பல மாதங்களில் சினைமுட்டை வெளிவருவதே இல்லை. முட்டை வெளிவந்தால்தான் அது இருந்த இடம் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். அந்த ஹார்மோன் குறையும்போது கருப்பையின் உட்படலம் ஒரே சீராகக் கழன்று வரும். முட்டை வராத மாதத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் படலத்தைத் தடிக்க வைத்துக்கொண்டே போகும். தாங்க முடியாத கட்டத்தில் அது அங்கங்கே உதிரும். இரண்டு மாதம் வராமல் இருந்து, பிறகு பத்து நாள் கொட்டுவது இப்படித்தான்.

இந்த வயதில் ஒழுங்கில்லை என்றதும் ஸ்கேனுக்கு ஓடி, "நீர்க்கட்டி" என்ற சொல்லோடு திரும்பும் வீடுகள் ஏராளம். பருவ வயதுச் சினைப்பையில் சிறு முட்டைப்பைகள் பல தெரிவது இயல்பு. முதல் மாதவிடாயிலிருந்து எட்டு ஆண்டுகள் வரை ஸ்கேனை வைத்து பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) என்று முடிவு செய்யக்கூடாது என்பதே சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல். முகத்தில் தடித்த முடி, அடங்காத பரு, இவற்றோடு நீண்ட இடைவெளியும் சேர்ந்து இருந்தால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

ஒரு மாதவிடாயில் வெளியேறும் ரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லி, அதாவது ஆறு முதல் எட்டு தேக்கரண்டி. 80 மில்லியைத் தாண்டினால் அதிகம். அளந்து பார்க்க முடியாது என்பதால்தான் நாப்கின் எண்ணிக்கை. கறை குறைவாக இருந்தாலும் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆனால் முழுவதும் நனைந்த நாப்கினை ஒன்றிரண்டு மணிக்கொருமுறை மாற்றும் நிலை, ஏழு நாளைத் தாண்டும் போக்கு, பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய ரத்தக் கட்டிகள் ஆகியவற்றை "சூட்டு உடம்பு" என்று விட்டுவிடாதீர்கள். முதல் மாதவிடாயிலிருந்தே இப்படி என்றால், அடிக்கடி மூக்கில் ரத்தம் வருகிறதா, பல் பிடுங்கியபோது ரத்தம் எளிதில் நிற்கவில்லையா என்று யோசித்துச் சொல்லுங்கள். ரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருக்கலாம்.

துணி பயன்படுத்துவோர் பச்சைத் தண்ணீரில் முதலில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். பிறகு சோப்புப் போட்டுத் துவைத்து நேர் வெயிலில் காய வையுங்கள். பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்ட ஈரத்துணிதான் அரிப்புக்கும் தொற்றுக்கும் வழி.

வலிக்குக் காரணம் கருப்பையின் உட்படலத்தில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். கருப்பையை இறுக்குவது அதுதான். மருத்துவர் சொன்ன வலி மாத்திரையை வலி தொடங்கியதுமே, சாப்பிட்ட பிறகு கொடுக்க வேண்டும். துடித்த பிறகு கொடுத்தால் பாதிப் பலன்தான். ஆஸ்துமாவோ வயிற்றுப்புண்ணோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். மூன்று சுழற்சிகளாக மாத்திரைக்கும் அடங்காத வலி என்றால் பரிசோதனை தேவை.

களியும் நல்லெண்ணெயும் தெம்பு தரும்; இரும்புச்சத்துக் குறையை அவை மட்டும் ஈடுகட்டாது. அரசுப் பள்ளிகளில் வாரம் ஒன்று தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டுவதால்தான் பிள்ளைகள் அதைத் தூக்கி எறிகிறார்கள். சாப்பாட்டுக்குப் பின் கொடுங்கள், டீ காபியை ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். மலம் கறுத்துப் போவது மாத்திரையால்தான். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை.

கோயில், கல்யாணம் என்று தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக்கடையில் தானாக வாங்குவது இந்த வயதில் வீண் வேலை. அதை எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். தேதியே நிலையில்லாதபோது எதற்கு முன்?

காலண்டரை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டியவை இன்னும் சில: வட்டங்களுக்கு இடையே 90 நாளுக்கு மேல் போனால், 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்காவிட்டால், 15 முடிந்தும் வயதுக்கு வராவிட்டால். வயதுக்கு வராமலே மாதாமாதம் அடிவயிறு வலித்தால் 15 வரை காத்திருக்க வேண்டாம். உதிரம் வெளியேறும் வழி சவ்வால் அடைபட்டு உள்ளேயே தேங்கியிருக்கலாம். சிறிய அறுவை சிகிச்சையில் அது சரியாகிவிடும்.