கட்டுரைக்குள் சான்று காட்டும்போது எங்கே தவறுகிறோம்?

ஆய்வுக்கட்டுரையில் சான்று காட்டுவது என்றதும் காற்புள்ளி எங்கே, அடைப்புக்குறி எங்கே என்றுதான் பலரும் முதலில் தேடுகிறார்கள். அதுவும் தேவைதான். ஆனால் கட்டுரையைத் திருத்துபவர் நின்று யோசிப்பது வேறு இடத்தில்: இந்தக் கருத்து எழுதியவருடையதா, அவர் படித்த நூலுடையதா என்று பிரித்தறிய முடியாத இடத்தில்.

பத்தி முழுக்க எழுதிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு சான்றைச் செருகுவது இதில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. இப்படி ஒரு பத்தியைப் பாருங்கள்: 'தூக்கம் குறைந்தால் கவனம் சிதறுகிறது. நினைவாற்றலும் குறைகிறது. எனவே தேர்வுகளைக் காலையில் வைக்கக் கூடாது (ஆசிரியர், 2018).' தேர்வைப் பற்றிச் சொன்னது யார்? அந்த ஆய்வாளர் தூக்கத்தை அளந்ததோடு நிறுத்தியிருந்தால், அவர் சொல்லாததை அவர் வாயில் போட்டுவிட்டீர்கள். 'இன்னார் (2018) காட்டியபடி' என்று பெயரை முதல் வாக்கியத்திலேயே கொண்டுவாருங்கள். உங்கள் முடிவு வரும் இடத்தில் 'இதிலிருந்து நாம் கருதலாம்' என்று குரலை மாற்றுங்கள். சிக்கல் தீர்ந்தது.

அடுத்தது, படிக்காததைப் படித்ததுபோல் காட்டுவது. இதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மருத்துவத் துறையில் ஓர் உதாரணம் உண்டு. 1980-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில், ஆசிரியருக்குக் கடிதம் என்ற பகுதியில் ஒரே பத்தியில் ஒரு குறிப்பு வெளியானது. மருத்துவமனையில் போதைத்தன்மையுள்ள வலிநிவாரணி பெற்ற 11,882 நோயாளிகளில், முன்பு அடிமைப்பழக்கம் இல்லாதவர்களிடையே 4 பேருக்கு மட்டுமே தெளிவான அடிமைப்பழக்கம் பதிவாகியிருந்தது என்பதுதான் செய்தி. 2017-இல் அதே இதழில் வந்த ஓர் ஆய்வு, இந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 வெளியீடுகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 439, அதாவது 72.2 சதவீதம், இந்த மருந்துகளால் அடிமைப்பழக்கம் அரிது என்பதற்கே அதைச் சான்றாக்கியிருந்தன. அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதை 80 சதவீதத்துக்கும் மேல் சொல்லவே இல்லை. வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவரைப் பற்றி அந்தக் கடிதம் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து நிமிடத்தில் படித்து முடிக்கக்கூடிய ஒரு பத்திக்கே இந்தக் கதி!

மூல நூல் கைக்குக் கிடைக்கவில்லை என்றால் அதை மறைக்க வேண்டியதில்லை. யார் வழியாக அறிந்தீர்களோ அவரைக் காட்டி, 'அவர் எடுத்தாண்டபடி' என்று எழுதினால் போதும். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த) முறையில், கட்டுரையின் முடிவில் வரும் நூற்பட்டியலிலும் நீங்கள் படித்த நூல்தான் வரும், படிக்காத மூலம் வராது. செயற்கை நுண்ணறிவுக் கருவி தரும் சான்றுகளைத் தேடி எடுத்துப் படிக்காமல் சேர்ப்பது இன்னும் ஆபத்து. இல்லாத கட்டுரைக்கே ஆசிரியர், ஆண்டு, இதழ் எல்லாம் அழகாக அமைத்துக் கொடுத்துவிடும்.

சொந்த நடையில் எழுதுகிறேன் என்று மூலத்தின் நாலு சொல்லை மட்டும் மாற்றுபவர்களும் உண்டு. வாக்கிய அமைப்பு அப்படியே இருந்தால், சான்று காட்டியிருந்தாலும் அது திருட்டாகவே எண்ணப்படும். மூலத்தை மூடி வைத்துவிட்டு எழுதுங்கள், அப்புறம் ஒப்பிடுங்கள். அந்தச் சொற்களேதான் வேண்டும் என்றால் மேற்கோள் குறியும் பக்க எண்ணும் கட்டாயம். ஏபிஏ முறையில் 40 சொல்லோ அதற்கு மேலோ போனால் தனிப் பத்தியாக உள்தள்ளி எழுத வேண்டும். அங்கே மேற்கோள் குறி கூடாது.

வடிவம் பற்றியும் கொஞ்சம். ஏபிஏ ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் கேட்கும், நடுவில் காற்புள்ளி உண்டு. எம்எல்ஏ (நவீன மொழிச் சங்கத்தின் முறை) பெயரையும் பக்க எண்ணையும் கேட்கும், காற்புள்ளி இல்லை. ஐஈஈஈ (மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பின்) முறையில் சதுர அடைப்புக்குள் எண், கட்டுரையில் முதலில் வரும் வரிசைப்படி. ஒரே கட்டுரையில் இவற்றைக் கலப்பதுதான் தவறு. எந்த முறை என்பதை இதழோ துறையோ சொல்லிவிடும். பழைய வழிகாட்டிகளையும் நம்ப வேண்டாம். மூன்று பேரோ அதற்கு மேலோ எழுதியது என்றால், ஏபிஏ ஏழாம் பதிப்பின்படி முதல் தடவையிலேயே முதல் பெயரோடு 'மற்றும் பிறர்' போட்டுவிடலாம். ஐந்து பேர் வரை முதல் தடவை எல்லாப் பெயரையும் எழுதச் சொன்னது ஆறாம் பதிப்பு. ஒரே ஆசிரியரின் ஒரே ஆண்டு நூல்கள் இரண்டு இருந்தால் 2020அ, 2020ஆ என்று பிரிக்காமல் விட்டால், எது எது என்று யாருக்கும் தெரியாது.

சமர்ப்பிக்கும் முன் உள்ளே வரும் ஒவ்வொரு பெயரும் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் உள்ளது எல்லாம் உள்ளே வந்திருக்கிறதா என்று இரண்டு பக்கமும் தேடிப் பாருங்கள். சான்றுகளைச் சேமித்து ஒழுங்குபடுத்தும் ஜோட்டெரோ மாதிரியான மென்பொருள் இந்த வேலையைப் பெருமளவு செய்யும். ஆனால் அதற்குள் ஆண்டு தப்பாகப் பதிவாகியிருந்தால், கட்டுரை முழுக்க அதே தப்புதான் வரும்.