ஓட்டத்தையும் கால் வலுப்பயிற்சியையும் நான் பிரித்துக்கொண்ட விதம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த் பகுதியில், மேடும் பள்ளமுமான தெருக்களில் வாரம் 4 நாள் ஓடி வந்த நான், கால்களுக்கு வலுவும் சேரட்டும் என்று, ஓடி முடித்த கையோடு எடை தூக்கி ஸ்குவாட்டும் (முழங்காலை மடக்கிக் குந்தி எழும் பயிற்சி) செய்யத் தொடங்கினேன். இரண்டே வாரங்களில், தொடை வலியால், வீட்டுப் படிக்கட்டில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்க முடிந்தது.

இறக்கத்தில் ஓடும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குவதால் அதன் நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது; அந்த வலி பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குப் பிறகே உச்சத்தை எட்டும். களைத்துப்போன அந்தத் தசையின்மீதே நான் எடையையும் ஏற்றியிருந்தேன்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் மாலையில் மட்டுமே வலுப்பயிற்சி. அந்த நாள்களில் காலை ஓட்டத்தைக் கடற்கரை நடைபாதையின் சமதளத்தில், மூச்சு வாங்காமல் பேசக்கூடிய வேகத்தில் 30 நிமிடத்தோடு முடித்து, இடையே குறைந்தது 6 மணி நேரம் விடுகிறேன். இறக்க ஓட்டம் ஞாயிற்றுக்கிழமைக்கு, திங்களன்று ஓய்வு. ஸ்குவாட்டில் எடையைப் பாதியாகக் குறைத்து, கீழே இறங்க 3 வினாடி எடுத்துக்கொள்கிறேன். எனக்கு மிகவும் கைகொடுத்தது இதுதான், ஏனெனில் இறக்கத்தில் தேவைப்படுவதும் இதே தாங்கும் வலுவே. புரட்டாசி விரத நாள்களில் புரதம் குறையாமலிருக்கப் பருப்பையும் தயிரையும் கூட்டிக்கொண்டேன்.

ஆறாவது வாரத்தில், கைப்பிடியைத் தொடாமல் படிகளில் நேராக இறங்கினேன்.